பாத்திரமும் பதார்த்தமும்



ஒரு ரசாயனப் பொருள் ஆலையை விட்டு வெளியேறும் நாளில் அதன் தூய்மையும் வீரியமும் நிறமும் அமிலத்தன்மையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதிக்கப்பட்டு, யாவும் செவ்வையாக இருக்கின்றன என்று ஒரு சான்றிதழும் எழுதப்படுகிறது. ஆனால் அந்தப் பொருளை அதே நாளில் எவரும் பயன்படுத்துவதில்லை. லாரியின் தார்ப்பாய்க்கடியிலும், ரயில் நிலையச் சரக்குக் கொட்டகையிலும், துறைமுகக் கிடங்கிலும், கடைசியாக ஏதோ ஒரு சிற்றூரின் தகரக் கூரையின் கீழும் மாதக்கணக்கில் கிடந்து, ஓராண்டோ ஈராண்டோ சென்றபின் அதன் மூடி திறக்கப்படும்போது, ஆதியில் எழுதிய சான்றிதழ் இன்னும் மெய்தானா, அன்றி வேறொரு பொருளைப் பற்றிய சான்றிதழாகிவிட்டதா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் விசாரணை.

புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் கீர்த்தியில் நூற்றில் ஒரு பங்கும், அந்த மருந்து இரண்டு கோடைகளைத் தாங்குமா என்று வெப்பப் பெட்டியில் வைத்துப் பார்த்தவருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய வேலை கிடங்குக் கணக்கைச் சேர்ந்தது என்று எண்ணி விடுகிறோம். காலம் செல்லச் செல்ல வீரியம் குறையும், பழைய மருந்து வேலை செய்யாது, மற்றபடி அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை படித்தவர்களிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்த பரிசோதனை, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டுமே கேட்டு நின்றுவிடும். அது பாதிக் கேள்வி என்பதும், அதன் மறுபாதியாகிய ‘புதிதாக என்ன பிறந்திருக்கிறது, பாத்திரத்திலிருந்து என்ன வந்து சேர்ந்திருக்கிறது’ என்ற கேள்வியைக் கேளாமல் விட்டதால் மனிதர் உயிர் போயிருக்கிறது என்பதுமே என் வாதம்.

பாத்திரம் வெறும் இடமன்று, அதுவும் வினையில் கலந்துகொள்ளும் பொருள் என்பதை நம் சமையற்கட்டு நெடுங்காலமாக அறியும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்கரைசலை ஊற்றி வைத்தால் களிம்பு ஏறும் என்பதும், ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியே தகும் என்பதும், எழுத்தறியாத பாட்டிமாரும் கைக்கொண்ட நியதிகள். ஆனால் இந்த அறிவு சாஸ்திர நிரூபணமாக உருக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். தண்ணீரை நீண்ட நேரம் காய்ச்சினால் அது மண்ணாக மாறுகிறது என்று அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினார்கள். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு ஒன்று பிரத்தியட்சமாகத் தெரிந்ததால் அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவும் இடமில்லை. பாரிஸ் நகரத்து லவாஸியே, ஆவி வெளியே போகாமல் மீண்டும் குளிர்ந்து உள்ளேயே விழும்படி அமைந்த கண்ணாடிப் பாண்டமொன்றில் தூய நீரை இட்டு மூடி, 1768ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 101 நாட்கள் இடைவிடாமல் காய்ச்சினார். முடிவில் பாண்டமும் நீரும் சேர்ந்த மொத்த எடை மாறவில்லை. ஆனால் பாண்டத்தை மட்டும் தனியே நிறுத்தபோது அதன் எடை குறைந்திருந்தது. குறைந்த அளவு, நீரில் தோன்றிய படிவின் அளவுக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது. மண்ணாக மாறியது நீரன்று, கரைந்தது கண்ணாடி என்று தெளிவாயிற்று. பண்டத்தை மட்டும் நிறுக்காமல் பாத்திரத்தையும் நிறுத்துப் பார்த்த அந்தத் தராசையே இன்றைய பாத்திரப் பொருத்தப் பரிசோதனைகளின் மூலமாக நான் மதிக்கிறேன்.

கண்ணாடிக்கு இத்தனை மெதுவாக நேர்வது சில பொருள்களால் வெகு விரைவாக நேரும். ஸ்வீடன் தேசத்து ஷேலே 1771இல் ஆராய்ந்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கண்ணாடியின் சிலிக்காவையே தின்றுவிடும் இயல்புடையதாகையால், அதை ஈயப் பாத்திரத்திலும் மெழுகு பூசிய குப்பியிலும் வைத்தார்கள்; இப்போது பாலிஎதிலீன் குப்பியில் வைக்கிறார்கள். காஸ்டிக் சோடாக் கரைசலைக் கண்ணாடி அடைப்பானிட்ட குப்பியில் வைத்தால் அடைப்பான் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்க வாராது என்பதைக் கல்லூரி ரசாயனக் கூடத்தில் வேலை செய்த அனைவரும் அறிவர். பிளாஸ்டிக் வந்தபின் இந்தத் துன்பங்கள் தீர்ந்தன என்று எண்ணினால், பிளாஸ்டிக்குக்கு அதற்கே உரிய பலவீனங்கள் இருக்கின்றன. சைலீன் போன்ற கரைப்பான்கள் பாலிஎதிலீன் சுவரை ஓட்டையில்லாமலே ஊடுருவி வெளியேறுகின்றன. உள்ளே அழுத்தம் குறைந்து குப்பியின் பக்கங்கள் ஒடுங்கி உட்குழிகின்றன. சோப்புத் தன்மையுள்ள கரைசல்கள் அதே பிளாஸ்டிக்கைக் கரைப்பதுமில்லை, ஊடுருவுவதுமில்லை. ஆயினும், அடுக்கின் அடியில் பாரம் தாங்கி நிற்கும் குப்பியில் மயிரிழை போன்ற விரிசலை உண்டாக்கி, திடீரென்று ஒருநாள் பிளக்கச் செய்கின்றன. இதனாலேயே சுவரின் உட்புறத்தில் நைலான் அடுக்கு வைத்தும், ஃபுளோரின் வாயுவால் மேற்பரப்பைப் பதப்படுத்தியும் குப்பிகள் செய்யப்படுகின்றன.

இனி, என் வாதத்துக்கு ஆதாரமான விருத்தாந்தத்துக்கு வருகிறேன். டி.டி.டி. மருந்துக்குக் கொசுக்கள் இணங்காமற்போன தேசங்களில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கொண்டுவரப்பட்டது. பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த அந்த இனத்து மருந்துகளுள் மனிதனுக்கு மிகக் குறைந்த தீங்கு விளைப்பது என்று அது பெயர் பெற்றிருந்தது. அந்தப் பெயர் தகுதியானதே. நம் ஈரலில் உள்ள நொதி ஒன்று, உட்புகும் மாலத்தியானை நஞ்சாக மாறுமுன்னரே உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பூச்சியின் உடலில் அத்தகைய காப்பு அற்பமாகையால் பூச்சி சாகிறது, மனிதன் பிழைக்கிறான். பாகிஸ்தானத்தில் 1976ஆம் ஆண்டு, நீரில் கலக்கும் மாலத்தியான் பொடியை வீட்டுச் சுவர்களில் தெளிக்கும் வேலையில் ஏறக்குறைய 7500 பேர் ஈடுபட்டிருந்தார்கள். அந்தக் கோடையில் அவர்களுக்குத் தலைவலி, வாந்தி, கண்மங்கல், மூச்சுத்திணறல் என்று நஞ்சுக்குறிகள் பரவலாகத் தோன்றின. நோய் உச்சத்தை எட்டிய ஜூலை மாதத்தில் மட்டும் சுமார் 2800 பேர் துன்புற்றதாகக் கணக்கிட்டார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

என்ன நடந்தது? ஆராய்ந்தவர்கள் மூட்டைகளைத் திறந்து பார்த்தபோது, வெவ்வேறு தயாரிப்பாளர்கள் அனுப்பிய, ஒரே பெயரும் ஒரே வீரியமும் பொறித்த பொடிகளுக்கிடையே பெருத்த வேற்றுமை இருப்பதைக் கண்டார்கள். சிலவற்றில் ஐசோமாலத்தியான் என்ற பொருள் மிகுந்திருந்தது. எந்தப் பொடியில் அது மிகுதியோ அந்தப் பொடியைத் தெளித்தவர்களே மிகுதியாக நோயுற்றார்கள். இந்தப் பொருள் வெளியிலிருந்து வந்து கலந்ததன்று. மாலத்தியான் மூலக்கூறில் ஆக்சிஜனோடு பிணைந்திருந்த மெத்தில் தொகுதி ஒன்று, உஷ்ணத்தின் தூண்டுதலால் அங்கிருந்து விலகிக் கந்தகத்தோடு பிணைந்துகொள்கிறது, அவ்வளவே மாற்றம். அணுக்களில் ஒன்று குறையவுமில்லை, ஒன்று கூடவுமில்லை, எடையும் மாறவில்லை. ஆயினும் புதிய பொருள், நம் ஈரலில் காவலாக நின்ற அந்த நொதியையே முடக்கிவிடுகிறது. காவல் நீங்கிய உடலில் மிஞ்சியிருந்த மாலத்தியான் முழுவதும் தன் முழு நஞ்சோடு பாய்கிறது. மருந்தைத் தாங்கிநிற்கும் களிமண் பொடியின் இயல்பும், அதனோடு சேர்த்த துணைப்பொருள்களின் இயல்பும் இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தக்கூடும் என்பதால், ஒரு பொடி வெயிலைத் தாங்கியது, இன்னொன்று தாங்கவில்லை. மூட்டையில் மாலத்தியான் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மட்டும் அளந்திருந்தால், சிறு குறைவு என்று குறித்துக்கொண்டு தேர்ச்சியும் அளித்திருப்பார்கள்.

இந்த விருத்தாந்தத்தில் கைகளின் பழக்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. டி.டி.டி. காலத்தில் கையாலேயே கலக்கியும், நனைந்த உடையோடு நாள் முழுவதும் உழைத்தும் பழகியவர்கள் அதே பழக்கத்தோடு மாலத்தியானையும் கையாண்டதால், நஞ்சு பெரும்பாலும் தோலின் வழியாகவே உட்சென்றது. வேலை முறைகளைத் திருத்திப் பயிற்சி அளித்தும், அதிக நஞ்சேறிய பொடிகளை விலக்கியும் செப்டம்பருக்குள் நோயை நிறுத்தினார்கள். ஆனால் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோரோடு நான் உடன்படேன். அவன் கையில் கொடுத்த மூட்டையின் மேல் எழுதியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த பொருள் மற்றொன்று. அதை அறியும் உபாயம் அவனிடம் இல்லை, நம்மிடம் இருந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனம், உஷ்ணப் பரிசோதனைக்குப் பின் மாலத்தியான் பொடியில் ஐசோமாலத்தியான் இன்ன அளவுக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறை செய்தது; அந்த வரையறையின் விலையை அந்தத் தெளிப்புத் தொழிலாளர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

மருந்துகளிலும் இதற்கு ஒப்பான சம்பவம் உண்டு. காலாவதியான டெட்ராசைக்ளின் மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகக் குழாய்கள் பழுதுபட்டு, சர்க்கரையும் உப்புகளும் சிறுநீரில் கழியும் நோய் கண்டதாக 1963இல் அமெரிக்க மருத்துவ ஏடுகளில் வெளியாயிற்று; ஈரமும் உஷ்ணமும், அன்று துணைப்பொருளாகச் சேர்த்த சிட்ரிக் அமிலமும் கூடி, மருந்தை வேறொரு நஞ்சாக மாற்றியிருந்தன.

இத்தகைய மாற்றங்களை இரண்டு ஆண்டு காத்திராமல் முன்கூட்டியே அறிவது எப்படி? ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1889இல் வகுத்த விதி இதற்கு வழிகாட்டியது: உஷ்ணம் ஏற ஏற ரசாயன வினையின் வேகம் சமச்சீராக அன்று, பன்மடங்காக ஏறுகிறது. ஆகவே அதிக உஷ்ணத்தில் சில நாள் வைத்துப் பார்ப்பது, மிதமான உஷ்ணத்தில் பல மாதம் வைத்துப் பார்ப்பதற்கு ஈடாகும் என்று கொண்டார்கள். பூச்சிக்கொல்லிகளுக்கு உலகெங்கும் வழங்கிவரும் பரிசோதனை 54 டிகிரி சென்டிகிரேடில் 14 நாள் வைப்பது. அந்த உஷ்ணத்தைத் தாங்காத பொருள்களுக்கு 50 டிகிரியில் 4 வாரம், 40 டிகிரியில் 8 வாரம் என்று நீட்டித்த முறைகளும் உண்டு. மருந்துகளுக்கு 40 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஆறு மாதம் வைக்கிறார்கள். இவற்றைக் கடந்த பொருளில், பூச்சிக்கொல்லியாயின், ஆதியில் இருந்த வீரியத்தில் 95 சதவீதமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது சாதாரணமான நிபந்தனை.

54 டிகிரியில் 14 நாள் தாங்கிய பொருள் சாதாரண உஷ்ணத்தில் இரண்டு ஆண்டு தாங்கும் என்று தொழில் வட்டாரத்தில் வழங்கும் சூத்திரத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கும்படி மாணவர்களை வேண்டுகிறேன். பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 14 நாள் 25 டிகிரியில் மூன்றரை மாதத்துக்கே ஈடாகிறது. மும்மடங்காகிறது என்றால் பதினொரு மாதத்துக்கு ஈடாகிறது. ஏறக்குறைய நான்கு மடங்காகும் பொருளுக்குத்தான் அது இரண்டு ஆண்டுக்குச் சமம். அதுவும் 25 டிகிரி உள்ள கிடங்கில். சித்திரை வைகாசியில் நம் ஊர்க் கொட்டகைகளில் சர்வசாதாரணமாக நிலவும் 35 டிகிரியை எடுத்துக்கொண்டால், வேகம் இரட்டிக்கும் பொருளுக்கு அந்தப் பரிசோதனை இரண்டு மாதத்தைக்கூட எட்டாது. சூத்திரத்தை நான் பழிக்கவில்லை. விரைந்து தேர்ந்தெடுக்க அது உதவுகிறது. இரண்டு மூன்று உஷ்ணங்களில் வைத்து, அந்தப் பொருளுக்கே உரிய வேகத்தை அளந்தறியாமல், சூத்திரத்தை மட்டும் நம்பித் தேதி அச்சிடுவதையே குற்றம் என்கிறேன். அன்றியும், 54 டிகிரியில் நிகழும் எல்லாம் 30 டிகிரியில் நிகழ வேண்டுமென்பதில்லை. மெழுகு உருகும், பால்மம் பிரியும். இவை போன்ற பௌதிக மாற்றங்களுக்கு அர்ரேனியஸ் விதி செல்லாது. மறுபுறம், மலைநாட்டுக் குளிரில் படிகமாக உறைந்து அடியில் படியும் பொருள்களை வெப்பப் பெட்டி காட்டிக்கொடாது. அதற்கென்றே பூஜ்ய டிகிரியில் ஒரு வாரம் வைக்கும் தனிப் பரிசோதனை இருக்கிறது.

இதைவிட நுட்பமான ஒரு குறை உண்டு. வெப்பப் பெட்டியில் வைக்கும் மாதிரி பெரும்பாலும் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. கடைக்குப் போகும் சரக்கோ டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கிறது. மாலத்தியானையே எடுத்துக்கொண்டால், இரும்பை அது அரிக்கிறது, இரும்போ அதன் சிதைவைத் துரிதப்படுத்துகிறது. இருவழியிலும் நஷ்டம் என்பதால், உட்புறம் எபாக்ஸி போன்ற பூச்சிட்ட டிரம்களிலேயே அதை அடைக்க வேண்டும். கண்ணாடிக் குப்பி இந்த உண்மையை மறைத்துவிடும். ஆகவே விற்பனைக்குரிய அதே பாத்திரம், அதே மூடி, மூடிக்குள் இருக்கும் அதே வட்டத்தகடு ஆகியவற்றோடு பரிசோதிக்க வேண்டும். நிமிர்த்தியும், பக்கவாட்டில் சாய்த்தும், தலைகீழாகவும் வைக்க வேண்டும், ஏனெனில் லாரியில் குப்பி எப்படிப் படுத்திருக்கும் என்பதை ஆலை தீர்மானிப்பதில்லை. உள்ளிருக்கும் பண்டத்தைப் பகுத்தாராய்வதோடு நில்லாமல், பாத்திரத்தையும் நிறுத்து, உட்குழிவு, வீக்கம், தையலில் துரு, மூடியின் இறுக்கம், சுவரின் மென்மை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். உலோகமாயின், அதன் துண்டொன்றைப் பாதி திரவத்திலும் பாதி ஆவியிலும் இருக்கும்படி தொங்கவிட்டு வைத்தால், திரவமும் காற்றும் சந்திக்கும் அந்தக் கோட்டிலேயே அரிப்பு அதிகமாகத் தென்படுவதைப் பலமுறை காணலாம். முழுவதும் மூழ்கிய துண்டு அந்தச் செய்தியைச் சொல்லாது.

பாத்திரம் பண்டத்தைக் கெடுப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடைப் போலத் தெளிவான உதாரணம் வேறில்லை. 1818இல் தேனார் என்ற பிரெஞ்சு அறிஞர் தயாரித்த அந்தத் திரவம், இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் அணுவளவு மாசு பட்டாலும் நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையத் தொடங்குகிறது; சிதையும்போது உஷ்ணம் பிறக்கிறது, உஷ்ணம் மேலும் சிதைவை வளர்க்கிறது. ஆதலால் தூய அலுமினியத் தொட்டிகளின் உட்புறத்தை நைட்ரிக் அமிலத்தால் பதப்படுத்தியே அதை நிரப்புகிறார்கள். சிறு கலன்களுக்கு வாயு வெளியேற நுண்துளையிட்ட மூடி போடுகிறார்கள். கசிவில்லாத மூடி நல்ல மூடி என்ற பொது நியதி இங்கே தலைகீழாகிறது. 2000 ஆகஸ்ட் 12 அன்று ருஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் கூர்ஸ்க், 118 பேரோடு பாரன்ட்ஸ் கடலில் மூழ்கியதற்கு, டார்பிடோ ஒன்றிலிருந்து கசிந்த பெராக்சைடே ஆதிகாரணம் என்று அதிகாரபூர்வமான விசாரணை முடிவு கூறியது.

நம் தேசத்தில் இந்த விஷயத்தைப் பேசுகிறவன் போபால் விஷவாயு விபத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில், துருப்பிடிக்காத எஃகால் ஆன தொட்டி ஒன்றில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அதற்குள் நீர் புகுந்தது. வினையால் உஷ்ணம் ஏற, துருப்பிடிக்காதது என்று பெயர் பெற்ற அந்த எஃகும் அரிக்கப்பட்டு இரும்பைக் கொடுக்க, அந்த இரும்பு தூண்டுபொருளாக நின்று வினையை மேலும் கொந்தளிக்கச் செய்தது. நீரும் இரும்பும் அந்தப் பொருளுக்குப் பகை என்பதும், அதைப் பூஜ்யத்தை அடுத்த குளிரிலேயே வைக்க வேண்டும் என்பதும் முன்னரே சோதித்து அறிந்து ஏட்டிலும் எழுதி வைத்திருந்த செய்திகள். தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரமோ அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. பரிசோதனை தன் கடமையைச் செய்திருந்தது. அதன் முடிவை மதிக்க வேண்டியவர்கள் மதிக்கவில்லை. அந்த இரவில் உறக்கத்திலேயே மாண்ட ஏழைகளை நினைக்கும்போது, இதை நிதானமான குரலில் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். லேபிலில் அச்சிடும் காலாவதித் தேதி, ஆலையில் மூடிய முத்திரை உடையாத பாத்திரத்தைப் பற்றியது. நம் விவசாயி ஒரு லிட்டர்க் குப்பியை வாங்கி, கால்பங்கைத் தெளித்துவிட்டு, மீதியை மாட்டுக் கொட்டகையின் பரணில் வைத்து அடுத்த பருவத்தில் எடுக்கிறார். சிலர் அதைக் காலியான குளிர்பானப் புட்டிக்கு மாற்றியும் வைக்கிறார்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் அபாயம் ஒருபுறமிருக்க, அந்தப் புட்டியில் அந்த மருந்து என்ன ஆகிறது என்பதையும், முக்கால் பங்கு மருந்தும் கால் பங்கு ஈரக்காற்றுமாக வாரந்தோறும் திறந்து மூடும் குப்பியில் என்ன ஆகிறது என்பதையும் யாரேனும் முறையாக ஆராய வேண்டும். ஒரே ஆலைத் தொகுதியைச் சேர்ந்த குப்பிகள் சிலவற்றை எடுத்து, சிலவற்றை முத்திரையோடும், சிலவற்றைப் பாதி வெறுமையாக்கியும், சிலவற்றை வேறு பிளாஸ்டிக்குக்கு மாற்றியும், உண்மையான ஒரு தகரக் கொட்டகையில் பங்குனி முதல் ஆவணி வரை வையுங்கள். கொட்டகையின் உஷ்ணத்தையும் ஈரத்தையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை வீரியத்தை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடாமல், புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு பொருளையும் இனங்கண்டு, அதன் அளவையும் அதன் நஞ்சையும் தனித்தனியே எழுதுங்கள். வெறுங்குப்பிகளையும் தவறாமல் நிறுத்துப் பாருங்கள்.